தங்கச்சிக்கு, அந்தப் பலகைத் தளம் பற்றி

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் லண்டன் வீட்டுப் பின்வளவில் போட நினைத்து நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய டெக்கிங், அதாவது வெளிப் பலகைத் தளத்தின் படத்தை இரவு இரண்டு மூன்று தடவை பெருப்பித்துப் பார்த்தேன். வடிவாகத்தான் இருக்கிறது. குசினிக் கதவைத் திறந்தால் படியே இல்லாமல் பலகைத் தளம், சாம்பல் நிறச் சோபா, ஓரமெல்லாம் குட்டி விளக்குகள். அந்தப் படம் எடுத்த ஊரில் மழை பெய்வதில்லைப் போலிருக்கிறது. "அம்மா படி இறங்காமல் வெளியில் வந்து இருக்கலாம் அண்ணா" என்று கீழே ஒரு வரி எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் "வேண்டாம்" என்று ஒரு சொல்லில் முடித்திருப்பேன். நீயும் கேட்டிருக்க மாட்டாய்.

என் கதை உனக்குப் பாதிதான் தெரியும். 2011-இல் ஒரு நண்பனைக் கூட்டிக்கொண்டு நானே போட்ட டெக்கிங் அது. மருந்து ஏற்றிய பைன் பலகை, அதைத் தாங்க 40 சென்ரிமீற்றருக்கு ஒரு மரச்சட்டம், பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஆறு மில்லிமீற்றர் இடைவெளி. எல்லாம் முறைப்படிதான். முதல் இரண்டு கோடையும் ராசா மாதிரி இருந்தேன். மூன்றாம் வருடம் நவம்பரில் குப்பைப் பையோடு வெளியில் கால் வைத்தவன், அப்படியே வழுக்கிப் போய் முழங்கையில் விழுந்தேன். பலகை முழுக்க கண்ணுக்கே தெரியாத பச்சைப் பாசி. அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை தேய்த்துக் கழுவுவது, காய்ந்தபின் எண்ணெய் பூசுவது என்று அது எனக்கு இன்னொரு வேலையாகிப் போனது. பிரஷர் வாஷரால் அடித்துப் பார்த்தேன். பாசியோடு மரத்தின் நாரும் சேர்ந்து கிளம்பியது.

எலிக் கதையை நான் யாருக்கும் சொன்னதில்லை. பிள்ளைகள் சிந்தும் முறுக்குத் தூள் இடைவெளியால் கீழே போகும். அங்கே மழை அதிகம் படாது, பூனை நுழையாது, வெளிச்சமும் இல்லை. எலிக்கு இதைவிட நல்ல வீடு லண்டனில் எவன் தருவான்? கடைசியில் 2020-இல் எல்லாவற்றையும் பிடுங்கினேன். மேலே பலகைகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. கீழே சட்டங்களில் மூன்று, திருகாணி இறங்கிய இடமெல்லாம் தேத்தண்ணியில் நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தன. மருந்து ஏற்றிய மரத்தை எரிக்கவும் கூடாது, புகை நஞ்சு. காரில் மூன்று தடவை ஏற்றிக்கொண்டு போய் கவுன்சில் குப்பை நிலையத்தில் போட்டேன். நடுவில் உன் அண்ணியின் ஒற்றைத் தோடு கிடைத்தது. அது தொலைந்த அன்று, கோயில் கூட்டத்தில்தான் விழுந்தது என்று நான் சத்தியம் செய்திருந்தேன்.

சரி, என் கதையை விடு. உன் வளவைப் பார்ப்போம்.

உங்கள் குசினிக் கதவு வடக்குப் பார்த்தது. டிசம்பரில் லண்டனில் நண்பகலில்கூட சூரியன் 15 பாகை உயரத்துக்குத்தான் ஏறும். எட்டு மீற்றர் உயர வீட்டின் நிழல் அப்போது ஏறத்தாழ 30 மீற்றர் போகும். உன் பின்வளவே ஒன்பது மீற்றர். ஆக, குளிர்காலத்தில் அந்தப் பலகைக்கு வெயில் என்று ஒன்றே இல்லை. மழை பெய்தால் காயாது, கீழே இருப்பதும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் களிமண். நான் விழுந்த தளத்துக்குப் பின்னேரத்திலாவது கொஞ்சம் வெயில் வந்தது. இப்போது அந்த ஈரப் பலகையில் பொல்லூன்றி நடக்கும் அம்மாவை நினைத்துப் பார்.

ஜூனில் கணக்கு வேறு. சூரியன் 62 பாகைக்கு ஏறும், வீட்டு நிழல் நாலு மீற்றரைச் சற்றுத் தாண்டி நின்றுவிடும். அப்படியென்றால் குசினி வாசலை ஒட்டிய மூன்று மீற்றர், நீ டெக்கிங் போட நினைத்திருக்கும் அதே இடம், கோடையிலும் மதியம் நிழலில்தான் கிடக்கும். வெயில் விழுவது வளவின் கடைக்கோடியில், அந்தப் பழைய கொட்டில் நிற்கும் பக்கத்தில். அம்மா வெளியில் வருவதே வெயில் காயத்தானே? கதிரையை நிழலில் போட்டுவிட்டு "ஏன் அம்மா வெளியில் வருவதில்லை" என்று பிறகு கேட்காதே.

அடுத்தது உயரம். போன தடவை வந்தபோது கதவு நிலையிலிருந்து மண் வரைக்கும் அளந்தேன்: 42 சென்ரிமீற்றர். குசினித் தரையோடு சமமாக வேண்டுமென்றால் தளம் 40-ஐத் தொடும். இங்கிலாந்தில் 30 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்த்தினால் கவுன்சிலிடம் திட்ட அனுமதி எடுக்க வேண்டும். அதற்குள் நின்றாலும், முதலில் கட்டிய வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் அனுமதி இல்லாமல் மூடக் கூடாது. முன்பு இருந்தவர்கள் இழுத்துக் கட்டிய குசினியும், அந்தக் கொட்டிலும் அந்தப் பாதிக்குள்தான் எண்ணப்படும். உனக்கு விலை சொன்ன ஆள் இதில் எதையாவது சொன்னாரா? வேலியையும் யோசி. ஆறடி வேலிக்குப் பக்கத்தில் 40 சென்ரிமீற்றர் ஏறி நின்றால் அது நாலே முக்கால் அடி வேலி. பக்கத்து வீட்டு மனுசி உடுப்புக் காயப்போடுவது உங்கள் சோபாவிலிருந்து தெரியும். அவரோடு உனக்கு இப்போதுதான் பேச்சு வார்த்தை நன்றாகியிருக்கிறது.

இன்னொன்று. பின்சுவரின் அடியில் ஓட்டை ஓட்டையாக நாலு செங்கல் இருக்கிறதே, அது அலங்காரம் அல்ல. உங்கள் வீடு 1930-களில் கட்டியது, முன்னறைகளின் தரை மரம். அந்த மரத்துக்குக் காற்றுப் போகும் வழி அது. அதை அடைத்துத் தளம் போட்டால் கொஞ்ச வருடத்தில் தரைக்கு அடியில் ஈரம் கட்டி, வீட்டுக்குள் இருக்கும் மரமே உக்கத் தொடங்கும். சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் வரிக்கு 15 சென்ரிமீற்றராவது கீழே வெளித்தரை நிற்க வேண்டும் என்று மேசன்மார் சொல்வதும் ஈரத்துக்குப் பயந்துதான்.

மச்சான் "கொம்போசிற் போட்டால் பிரச்சினை இல்லை" என்கிறாராம். மரத்தூளும் பிளாஸ்ரிக்கும் கலந்த பலகை இலகுவில் உக்காது, உண்மை. இருபத்தைந்து வருட உத்தரவாதம்கூடத் தருவார்கள். ஆனால் அநேகமான வீடுகளில் அதைத் தாங்கும் சட்டம் பழையபடி மரம்தான், உத்தரவாதம் அதற்கு இல்லை. நிழலில் அதிலும் பாசி பிடிக்கும். 2022 ஜூலை 19, இந்த நாடு முதன்முதலாக 40 பாகை செல்சியஸ் வெப்பத்தைத் தாண்டிய நாள், ஒரு நண்பனின் கடும் சாம்பல் கொம்போசிற்றில் செருப்பில்லாமல் கால் வைத்தவன் நான். திரும்ப உள்ளே ஓடியதும் நான்தான்.

டெக்கிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாசலைத் தாண்டியதும் நிலம் சரிந்து இறங்கும் வீடுகள் இருக்கின்றன. அங்கே மண் நிரப்பி மதில் கட்டுவதைவிடக் கால் நட்டுப் பலகை போடுவது புத்தி. பெரிய மரத்தின் வேரை வெட்டாமல் மேலால் தளம் வேண்டுமென்றாலும் அப்படித்தான். உன் வளவு மேசை மாதிரிச் சமம்.

நான் என்றால் இப்படிச் செய்வேன். குசினி வாசலில் ஒவ்வொன்றும் 14 சென்ரிமீற்றர் உயரத்தில் மூன்று அகலப் படிகள், அம்மா பொல்லோடு நின்று மூச்சு வாங்கும் அகலம், இரண்டு பக்கமும் கைபிடி. அங்கிருந்து கோடி வரைக்கும் ஒரு மீற்றர் அகலத்தில் சொரசொரப்பான கல் பாதை. கல்லிலும் பாசி வரும், ஆனால் தேய்த்தால் கல் நார் நாராய்ப் போகாது. இங்கே கடைகளில் விற்கும் மணற்கல்லில் நிறைய ராஜஸ்தானிலிருந்து வருகிறது, 'ராஜ் கிரீன்' என்றே பெயர். கொட்டிலை எடுத்துவிட்டு, வெயில் விழும் அந்த மூலையில் கல்லாலேயே இரண்டரை மீற்றர் சதுரம். அங்கே அம்மாவின் கதிரை. பாதையின் ஒரு பக்கம் மண்ணாகவே கிடக்கட்டும். போஞ்சியும் பூசணியும் கீரையும் போட அவர் கை துடிக்கிறது, உனக்கும் தெரியும். கறிவேப்பிலைச் சட்டியையும் கோடையில் அங்கே வைக்கலாம்.

ஓரம் எல்லாம் விளக்கு வேண்டுமென்றால் போடு. அதில் எனக்கு வழக்கில்லை.

விலை சொன்ன ஆளுக்கு முற்பணம் மட்டும் இப்போது கொடுத்துவிடாதே. நாளையும் நாளை மறுநாளும் மத்தியானம் குசினி யன்னலால் பார்த்து, நிழல் எதுவரைக்கும் வருகிறது என்று மண்ணில் ஒரு தடி குத்தி வை. சனிக்கிழமை அளவுநாடா எடுத்துக்கொண்டு வருகிறேன். தோட்டுக் கதை அண்ணிக்கு இன்னும் தெரியாது. கதிரை மெத்தைக்குள் கிடந்தது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணா