காய்ச்சல் விட்ட பிறகு

அன்புள்ள நண்பா,

பேத்திக்குப் பல் முளைத்த சேதி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே ஐப்பசி மழை விடவில்லை. கிளினிக் வாசல் முழுக்கக் காய்ச்சல் கூட்டம்.

டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் என்ன வேலை என்று கேட்டிருந்தாய். போன மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு அம்மா மகனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நான்கு நாள் காய்ச்சல். "நேத்தே விட்டுடுச்சு டாக்டர், ஆனா வயிறு வலிக்குதுன்னு சுருண்டு கிடக்கான்" என்றார். தொட்டுப் பார்த்தால் கை கால் ஜில்லென்று இருந்தது. டெங்கு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டான். டெங்குவில் காய்ச்சல் விடும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்து என்பது நமக்குப் பாலபாடம். அவருக்குத் தெரியாது. அவர் போனில் இருந்ததெல்லாம் பப்பாளி இலைச் சாறு ஃபார்வர்டுதான். என்னிடம் வருவதற்கு முன்பே அவர் காதில் விழுந்திருக்க வேண்டிய விஷயம் இது.

அன்று இரவே தெரு குரூப்பில் ஒரு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் போட்டேன். காய்ச்சல் விட்டாலும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டு கிடப்பது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், கடையில் கேட்டு வேறு வலி மாத்திரை வாங்காதீர்கள். அவ்வளவுதான் பேசினேன். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு குடும்பம், "உங்க குரலைக் கேட்டுட்டுத்தான் வர்றோம்" என்று வந்து நின்றது.

அப்புறம் வாரம் ஒன்று பேசுகிறேன். போன வாரம் என் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் ட்ரேயை வெளியே எடுத்து வீடியோ போட்டேன். டார்ச் வெளிச்சத்தில் கொசுப் புழுக்கள் நெளிவது நன்றாகத் தெரிந்தது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது. ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் சாகாது, தேய்த்துக் கழுவ வேண்டும். நோட்டீஸில் நூறு தடவை படித்திருந்தாலும், அந்த வீடியோவைப் பார்த்த பிறகுதான் தெருவே ஃப்ரிட்ஜை நகர்த்தியது.

நோயாளியின் படம், பெயர், ஊர் எதையும் வெளியே விடுவதில்லை. தடிப்பைப் படம் எடுத்து அனுப்பி மருந்து கேட்பவர்களை நேரில் வரச் சொல்லிவிடுகிறேன்.

சரி, சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கால் புண்ணோடு வருகிறவர்களைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியிருந்தாயே, அதையே உன் ஊர்ப் பேச்சில் ஒரு நிமிஷம் பேசு. முதலில் எனக்கு அனுப்பு, கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்