தேவாங்குக்கு ஒரு கிளுவை வேலி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஊரில் இருக்கிறவர்களுக்கும், திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று பிழைக்கப் போன நம் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். கரட்டடியிலிருந்து ஓடைப் புளியந்தோப்பு வரை வண்டிப்பாதை ஓரமாக 900 மீட்டருக்குக் கிளுவை என்னும் முள்மரத்தால் உயிர்வேலி வைக்கப் போகிறோம். தார்ச்சாலைக்கு மேலே மூன்று இடத்தில் கயிற்றுப் பாலம் கட்டவும் எண்ணம். எல்லாம் தேவாங்குக்காக, ராத்திரியில் மரக்கிளைகளில் திரியும் அந்தச் சின்னப் பிராணிக்காக. "தேவாங்குக்கா வசூல்?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர்தான் முதல் ஆளாக 500 ரூபாய் கொடுத்தார், அதையும் சொல்லிவிடுகிறோம்.

விஷயம் இதுதான்: தேவாங்குக்குத் தாவத் தெரியாது.

மடகாஸ்கர் தீவில் இருக்கும் லெமூர்களுக்கு இது பங்காளி முறை. அதே ஈர மூக்கு, சீப்புப் போல முன்னே நீண்ட கீழ்ப்பற்கள், உடம்பைச் சொறிந்துகொள்ளக் கால் இரண்டாம் விரலில் மட்டும் ஒரு கூர்நகம். ஆனால் அந்தப் பங்காளிகளில் சிஃபாக்கா என்று ஒன்று இருபது, முப்பது அடியை ஒரே தாவலில் கடக்கும். நம்முடையது ஓரடிகூடத் தாவாது. சாண் நீள உடம்பு, கால் கிலோவுக்குச் சற்று மேல் எடை, வால் கிடையாது. ஒரு கிளையைப் பிடித்த பிறகே மறு கிளையை விடும். கைகால்களில் ரத்தக்குழாய் மெல்லிய இழைகளாகப் பிரிந்து ஓடுவதால் மணிக்கணக்கில் பிடித்திருந்தாலும் மரத்துப்போவதில்லை என்கிறார்கள். பிடிக்க மட்டும் ஏதாவது வேண்டும். கை எட்டாத இடைவெளி வந்தால் இறங்கித் தரையில்தான் நடக்க வேண்டும். தரையில் நாய் இருக்கிறது, லாரி இருக்கிறது.

முன்பு இந்த இடைவெளி நம் ஊரில் இல்லை. உசிலை, வெள்வேல், நடுவே பின்னிக் கிடந்த கிளுவையும் கள்ளியும் என்று வேலியே ஒரு பாதையாக இருந்தது. கம்பி வேலி வந்ததும் கிளுவையை வெட்டினோம். வெட்டியவர்களில் இந்தக் குழுவில் இருக்கும் நாங்களும் உண்டு. ஆகவே யாரையும் குறை சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை.

போன மாசியில் சாலை வளைவில் ஒரு பெண் தேவாங்கு அடிபட்டுக் கிடந்தது. மடியில் பால் இருந்தது. தாய் தேவாங்கு ஐந்து மாதத்துக்கு மேல் சுமந்து ஒன்றோ இரண்டோ குட்டி போடும். முதல் சில வாரம் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு திரியும் குட்டியை, அப்புறம் இருட்டியதும் ஒரு கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் போகும். விடிவதற்குள் வந்து எடுத்துக்கொள்ளும். அன்று இரண்டு ராத்திரி தேடியும் குட்டி எங்கள் கண்ணில் படவில்லை. (தனியாக ஒரு குட்டி கிளையில் தொங்கினால் அநாதை என்று வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும். சட்டப்படியும் குற்றம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது.)

ராத்திரி கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டி அடித்தால் இரண்டு கங்கு எரிவது போலக் கண் தெரியும். ஒரு நாள் உசிலைக் கிளையில் எறும்புச் சாரையைக் கண்ட ஒன்று, முதலில் தன் மூத்திரத்தைக் கையில் தேய்த்துக்கொண்டது. பிறகுதான் எறும்பை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டு, காரம் தின்ற பிள்ளை மாதிரி முகத்தைச் சுளித்தது. கடி, எரிச்சலிலிருந்து காத்துக்கொள்ளவோ என்னவோ. 1990களின் பிற்பகுதியில் திண்டுக்கல் மாவட்டம் ஐயலூர்ப் பக்கம் மாதக்கணக்கில் ராத்திரி ராத்திரியாகத் தேவாங்கின் பின்னால் அலைந்து ஆராய்ச்சி செய்த அன்னா நெக்காரிஸும், இவை பெரும்பாலும் எறும்பு, கரையான், பூச்சிகளையே தின்கின்றன என்று பதிவு செய்திருக்கிறார். நம் தோட்டத்துக்குக் கூலி கேட்காத ஆள். இதைப் போய் அபசகுனம் என்றும், மாந்திரீகத்துக்கு ஆகும் என்றும் கொன்றார்கள்.

2022 அக்டோபரில் அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. நாட்டிலேயே தேவாங்குக்கென்று முதல் சரணாலயம். சரி, காட்டை வனத்துறை பார்த்துக்கொள்ளும். பட்டா நிலத்து வேலியை நாம்தான் பார்க்க வேண்டும்.

செலவைச் சொல்கிறோம். கிளுவைப் போத்துக்கு, அதாவது நடுவதற்கு வெட்டும் கிளைக்கு, காசில்லை, ஊரிலேயே வெட்டிக்கொள்ளலாம். குழி எடுத்து நட, ஆடு கடிக்காமல் முள் அடைக்கக் கூலி 60,000. ஒரு கோடை முழுக்க டேங்கர் தண்ணீர் 70,000. கயிறு, கம்பம், ஏற்றிக் கட்டும் கூலி 40,000. அறிவிப்புப் பலகை, சில்லறைச் செலவு 15,000. ஆக மொத்தம் 1,85,000 ரூபாய். இதுவரை 47,500 வந்திருக்கிறது. வேலி ஒரு மீட்டருக்குச் சுமார் 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, முடிந்த மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பணமாக முடியாதவர்கள் ஒரு நாள் கடப்பாரை பிடிக்க வந்தாலும் நன்கொடைதான்.

சாலைக்கு மேல் கயிறு கட்ட மனு கொடுத்திருக்கிறோம். அனுமதி வரும்வரை அந்த 40,000-ஐத் தொட மாட்டோம். வராவிட்டால் வேலியை ஓடை தாண்டி நீட்டுவோம். ஊர் முகப்பில் சிமெண்டில் தேவாங்குச் சிலை வைக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் போத்து நட்டாக வேண்டும், அதனால் புரட்டாசிக் கடைசிக்குள் பணம் கைக்கு வந்தால் நல்லது. ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். வரவு செலவு மாதம் ஒருமுறை சாவடித் திண்ணைப் பலகையில் ஒட்டப்படும், வெளியூர்க்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் வரும்.

அடுத்த அமாவாசை ராத்திரி மறுபடி கணக்கெடுப்பு. கொடுத்தவர், கொடுக்காதவர் யார் வேண்டுமானாலும் வரலாம். டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் நாங்கள் தருகிறோம். செருப்பு மட்டும் கெட்டியாகப் போட்டு வாருங்கள், கரட்டில் முள் அதிகம்.

இப்படிக்கு,
கிளுவை வேலிக் குழுவினர்