நானோ ஆயிலை மலையில் வைத்துச் சோதியுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

டிரான்ஸ்பார்மருக்குள் நிரப்பும் ஆயிலில் நானோ துகள்களை (கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகள்கள்) கலந்து, மின்சாரம் பாய்ந்துவிடாமல் தடுக்கும் அதன் காப்புத் திறனைக் கூட்டும் ஆய்வுகள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். தமிழில் இப்படி எழுதுவது அபூர்வம், மகிழ்ச்சி. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மலைக்காரன் பார்வையில் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

இங்கே டிரான்ஸ்பார்மருக்கு முதல் எதிரி ஈரம். பகலில் லோடு ஏறி ஆயில் சூடாகி விரியும். ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது பிரீத்தர் என்ற மூச்சுக்குழாய் வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றின் ஈரத்தை பிரீத்தருக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் மணிகள்தான் பிடிக்க வேண்டும். நீலமாக இருக்கும் ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டால் அதன் வேலை முடிந்தது. தென்மேற்குப் பருவத்தில் நாள் முழுக்க மூடுபனியும் சாரலுமாக இருக்கும் இடத்தில் அது எவ்வளவு சீக்கிரம் நிறம் மாறும் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் மழைக்காலம் முழுக்க ஜெல்லை மாற்றவே இல்லை. கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். ஆயில் சாம்பிள் எடுத்துச் சோதித்தபோது, இரண்டு மின்முனைகளுக்கு நடுவே 2.5 மி.மீ. இடைவெளியில் 30 கிலோவோல்ட்டை எட்டும் முன்பே பொறி பறந்தது. சுத்தம் செய்த நல்ல ஆயில் 60 கிலோவோல்ட்டுக்கு மேல் தாங்கும். பாட்டிலில் பார்த்தால் ஆயில் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருந்தது. பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு தண்ணீர் போதும், கெடுத்துவிடும்.

அதனால்தான் இந்த ஆய்வுகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஆயிலுக்குள் பாய்ந்து ஓடும் எலக்ட்ரான்களை மேக்னடைட் (ஒரு இரும்பு ஆக்சைடு), டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற துகள்கள் பிடித்து வைத்துக்கொள்வதால் மின்முறிவு, அதாவது காப்பை உடைத்துக்கொண்டு மின்சாரம் பாய்வது, பரவுவது மெதுவாகிறது என்று விளக்குகிறார்கள். சிலிக்கா துகள்களோ ஈரத்தைத் தங்கள் மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கின்றன. ஈரமான ஆயிலில்கூட முறிவு மின்னழுத்தம் (பொறி பறக்கும் வோல்ட்டேஜ்) கூடியதாக ஆய்வுக்கூட முடிவுகள் உள்ளன. உங்கள் கட்டுரை இதைத் தொடவில்லை. எங்களுக்கு வேண்டியது இதுதான்.

ஆனால் துகள்கள் நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படிந்துவிடும். ஒலிக் அமிலம் போன்றவற்றைப் பூசித் தடுக்கிறார்கள், சரி, எத்தனை வருடம் தாங்கும்? டிரான்ஸ்பார்மர் 25, 30 வருடம் ஓட வேண்டிய பொருள். உறைபனி விழும் ஜனவரியில் கொழுந்து வரத்து குறைந்து, தொழிற்சாலையில் லோடும் இருக்காது. சூடு இல்லாமல் ஆயில் அதிகம் அசையாமல் நிற்கும்போதுதான் படியும் வாய்ப்பு அதிகம். ஆயிலைச் சுத்தம் செய்ய ஃபில்ட்டர் மெஷினில் ஓட்டும்போது, கட்டி பிடித்த துகள்கள் ஃபில்ட்டரிலேயே தங்கிவிடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அப்புறம், ஆயில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் டாங்கிக்கு வெளியே உதவாது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து அதன் காப்பும் குறைவதால், 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும், வெளியே இருக்கும் மின்பாகங்களுக்கு நடுவே உள்ள காற்றிடைவெளியை ஒரு சதவீதம் கூட்ட வேண்டும் என்பது விதி. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். 12 சதவீதத்துக்கு மேல் வருகிறது. காப்பு கூடிவிட்டது, இனி டிரான்ஸ்பார்மரைச் சின்னதாகச் செய்யலாம் என்று கட்டுரை ஆசைகாட்டுகிறது. மின்கம்பி டாங்கிக்குள் நுழையும் இடத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காப்பானான புஷ்ஷிங்கை அப்படிச் சின்னதாக்க முடியாது.

1932-இலேயே பைக்காராவில் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுத்த மலை இது. கோவைப் பொறியியல் கல்லூரிகளுக்கும் பெங்களூரு மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் என் வேண்டுகோள்: சிலிக்கா கலந்த ஆயிலை ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரில் நிரப்பி கூடலூர் அல்லது அவலாஞ்சிப் பக்கம் வையுங்கள். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய ஊர் அவலாஞ்சி. ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் ஓடட்டும். மாதம் ஒருமுறை சாம்பிள் எடுங்கள். மேல் வால்விலும் அடி வால்விலும் தனித்தனியாக எடுங்கள். துகள் படிகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். முடிவு எதுவானாலும் தமிழிலும் வெளியிடுங்கள், இங்கே வேலை செய்பவர்கள் படிப்பார்கள்.

ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன்,
கோத்தகிரி