கை தூக்கியவருக்கு மைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அழகாபுரத்தில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொதுக்குழு சமீபத்தில் கூடியது. ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தலாமா, அதற்கு வீட்டுக்கு எவ்வளவு வசூலிக்கலாம் என்பதுதான் அன்றைய பொருள். கோடை வந்தால் தண்ணீருக்கு அல்லாடுகிற தெருக்களில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் மைக் முன்வரிசையை விட்டு நகரவே இல்லை. இரண்டு மூன்று பேர் சொன்னதையே மாற்றி மாற்றிச் சொன்னார்கள்.

பின்வரிசையில் தெருக்கோடி வீட்டு அம்மா கை தூக்கியபடியே இருந்தார். மடியில் லாரித் தண்ணீர் வாங்கிய ரசீதுகள், ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டு. அவர் வீடு மேட்டில் இருக்கிறது. எங்கள் தொட்டித் தண்ணீர் அங்கே ஏறுவதில்லை. குழாயை மாற்றாமல் கிணற்றை மட்டும் ஆழப்படுத்தினால் அவருக்கு ஒரு குடம்கூட அதிகம் கிடைக்காது. அதைச் சொல்லத்தான் அவர் வந்திருந்தார்.

வெளியே டீயும் தட்டுவடை செட்டும் வந்து இறங்கிய நேரம். யாரோ, "பேசினது போதும், பாஸ் பண்ணுங்க" என்றார். நாலு பேர் கை தட்டினார்கள். "ஏகமனதாக நிறைவேறியது" என்று அறிவித்தார் தலைவர். எதிர்ப்பு உண்டா என்று கேட்கவில்லை, கைகளை எண்ணவும் இல்லை. மினிட்ஸ் புத்தகத்திலும் 'ஏகமனதாக' என்றே ஏறிவிட்டது.

கூட்டம் நேரத்தோடு முடிய வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் பேச்சுக்கு நேரம் வைப்பது வேறு, பேசவே விடாமல் முடிப்பது வேறு. ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் 1876இல் கூட்ட நடைமுறைக்கென்று ஒரு விதிநூல் வெளியிட்டார். அங்கே சங்கங்களும் மன்றங்களும் இன்றும் அதைப் பின்பற்றுகின்றன. அதன்படி, ஒரே பொருளில் ஒருவர் ஒரு நாளில் இரண்டு முறைதான் பேசலாம், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். இதுவரை பேசாதவர் ஒருவர் பேசக் காத்திருந்தால், ஏற்கெனவே பேசியவருக்கு மறுபடி இடம் கிடையாது. விவாதத்தை நிறுத்த யாராவது முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்து, வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் இருந்தால் போதும். விவாதத்தை நிறுத்த மட்டும் ஏன் கூடுதல் என்றால், அது உறுப்பினரின் பேசும் உரிமையையே எடுத்துவிடுகிறது.

நம் மக்களவையிலும் விதி 362இன்படி, விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு விடும்படி ஓர் உறுப்பினர் கோரலாம். நியாயமான விவாதத்துக்கான உரிமை அதனால் பறிபோகும் என்று சபாநாயகருக்குத் தோன்றினால், அவர் அதை ஏற்க வேண்டியதில்லை. எங்கள் தலைவரும் ஒரு நிமிடம் பின்வரிசையைப் பார்த்திருந்தால் போதும்.

எங்கள் சங்கம், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றது. துணைவிதிகளை எடுத்துப் படித்தேன். சந்தா, கோரம் (கூட்டம் நடக்க வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை), தேர்தல் எல்லாம் இருக்கிறது. கூட்டத்தில் யார், எவ்வளவு நேரம், எந்த வரிசையில் பேசலாம் என்று ஒரு வரி இல்லை. இது பெரிய குறை.

அதனால் ஒரு திருத்தம் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். பேச விரும்புகிறவர் வாசலில் பெயர் எழுத வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம், நேரம் பார்ப்பவர் நிர்வாகக் குழுவில் இல்லாதவராக இருக்க வேண்டும். எல்லோரும் ஒருமுறை பேசிய பிறகே யாருக்கும் இரண்டாவது வாய்ப்பு. விவாதத்தை முடிப்பதானால் கைகளை எண்ணி, மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் மட்டுமே. துணைவிதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு முன்னறிவிப்பிலேயே திருத்தத்தின் வாசகத்தை அச்சிட்டு எல்லா வீட்டுக்கும் அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். சேலத்தில் வேறு சங்கங்கள் இப்படி விதி வைத்திருந்தால், அதன் உறுப்பினர்கள் இந்தப் பகுதியில் எழுதினால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
அழகாபுரம், சேலம்.