முதல் கேமரா வாங்குபவருக்கு லென்ஸைப் பற்றியும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதன்முதலாக டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கேமரா, வாங்குபவர்களுக்காகச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை மெகாபிக்சல், நொடிக்கு எத்தனை படம், பின்பக்கத் திரை திரும்புமா திரும்பாதா என்று ஒவ்வொரு கேமராவுக்கும் அட்டவணை போட்டிருந்தீர்கள். உழைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் நான்கு பக்கத்தில் லென்ஸுக்கு இரண்டே வரி, அதுவும் கூடவே வரும் லென்ஸே ஆரம்பத்துக்குப் போதும் என்று முடித்துவிட்டீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை. இதே பேச்சை நம்பித்தான் நானும் என் முதல் கேமராவை வாங்கினேன்.

வாங்கிய மூன்றாவது வாரம் மகளின் பள்ளியில் ஆண்டு விழா, நாடகத்தில் அவளுக்குக் குருவி வேடம். முன்னாடியே போய் இரண்டாவது வரிசையில் இடம் பிடித்தேன். மேடையில் நல்ல வெளிச்சம் இருப்பதாகத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. கையிரண்டையும் விரித்துச் சிறகடித்துக்கொண்டு அவள் ஓடி வந்த அந்த அரை நிமிடத்தில் நாற்பது படம் எடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், பின்னால் தொங்கிய திரைச்சீலையின் மடிப்பு ஒவ்வொன்றும் அவ்வளவு தெளிவு, அவள் கையில் ஒட்டியிருந்த காகித இறகுகள் மட்டும் புகை மாதிரி, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடு. நாற்பதில் ஒன்றுகூடத் தேறவில்லை. படத்தின் விவரத்தைத் திறந்தேன்: 55 எம்எம், எஃப் 5.6, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 3200, ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம்) 1/20 நொடி. தொங்குகிற துணிக்கு 1/20 போதும், ஓடுகிற பிள்ளைக்கு எப்படிப் போதும்?

அன்றைக்கு அது புரியவில்லை. கேமரா சரியில்லை, இன்னும் விலை கூடிய பாடிக்கு (லென்ஸ் நீங்கலான கேமராவுக்கு) மாறிவிடலாம் என்றுதான் யோசித்தேன். நல்லவேளையாக, ரொம்ப வருஷமாகப் படம் எடுத்துவரும் நண்பர் ஒருவர் தன் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸைக் கையில் கொடுத்து, முதலில் இதை மாட்டிப் பார் என்றார். அதே அரங்கில் அடுத்த மாதம் பாட்டுப் போட்டி. அதே விளக்கு, அதே ஐஎஸ்ஓ 3200, லென்ஸை எஃப் 2-இல் வைத்தேன், ஷட்டர் 1/160-க்கு ஏறியது. பாடும்போது அவள் புருவத்தைத் தூக்குவதுகூடப் படத்தில் அப்படியே நின்றது. பாடி அதேதான், மாறியது லென்ஸ் மட்டும்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, கணக்குதான். லென்ஸின் குவியத் தூரத்தை, அதாவது அந்த எம்எம் எண்ணை, அதன் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண். கேமராவோடு கூடவே வரும் கிட் லென்ஸ் 55 எம்எம்மில் எஃப் 5.6 என்றால் துளை சுமார் 10 எம்எம். 50 எம்எம் எஃப் 1.8 என்றால் துளை கிட்டத்தட்ட 28 எம்எம். எண் சின்னதாக ஆக ஆக வாசல் பெரிதாகும், அதனால்தான் புதிதாக வருபவர்கள் இதில் குழம்புகிறார்கள். 2, 2.8, 4, 5.6 என்று போகும் வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் வெளிச்சம் பாதியாகிவிடும். ஆக 5.6-க்கும் 1.8-க்கும் நடுவே ஒன்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். முதல் கேமரா வாங்கும் ஒருவருக்குக் கட்டுரையில் இந்த ஒரு பத்தி இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

கிட் லென்ஸை நான் குறை சொல்லவில்லை. 18-55 நல்ல லென்ஸ், பாடியோடு சேர்த்து வாங்கினால் பெரிதாக விலையும் ஏறாது. பகல் வெளிச்சத்தில் எஃப் 8-இல் வைத்து எடுத்துப் பாருங்கள், பெரிதாகப் பிரிண்ட் போட்டாலும் கூர்மையாகவே இருக்கும். ஆனால் அதிலும் இரண்டு வகை உண்டு, கைநடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி உள்ளது, இல்லாதது. கேனான் என்றால் லென்ஸின் மேல் ஐஎஸ் என்றும், நிக்கான் என்றால் விஆர் என்றும் எழுதியிருக்கும். விலை மலிவாக இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால் பல நேரம் அந்த இரண்டு எழுத்து இருக்காது. அப்புறம், அந்த வசதி நம் கை ஆடுவதைத்தான் சமாளிக்கும், எதிரே இருப்பவர் ஆடுவதை அது ஒன்றும் செய்யாது. என் திரைச்சீலை தெளிவாக விழுந்ததற்கும் மகள் புகையானதற்கும் அதுதான் காரணம்.

கூடுதலாக 70-300 மாதிரி நீள ஜூம் ஒன்றையும் சேர்த்துத் தருகிறோம் என்றால் இந்த எழுத்து அங்கேயும் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் முக்கியம். மலிவு டிஎஸ்எல்ஆர்களில் இருப்பது ஏபிஎஸ்-சி அளவுச் சென்சார் (படம் பதியும் சில்லு), பழைய ஃபிலிம் சட்டத்தைவிடச் சின்னது, அதனால் லென்ஸின் எம்எம் எண்ணை நிக்கானில் ஒன்றரையாலும் கேனானில் 1.6-ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். 300 எம்எம் அங்கே 450, 480 மாதிரி நெருங்கித் தெரியும். அவ்வளவு நெருக்கத்தில் கை ஆடாமல் எடுக்க ஷட்டர் 1/500 பக்கம் இருக்க வேண்டும், மூடுபனி போட்ட நாளில் அதற்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்? பறவையோ விளையாட்டோ எடுக்கப் போவதில்லை என்றால் இந்த ஜூமை முதல் வருடம் வாங்கவே வேண்டாம் என்பேன். பொதியில் சேர்த்துத் தரும் மெல்லிய முக்காலி, லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் வைட் ஆங்கிள் கண்ணாடி இதெல்லாமும் வேண்டாம், அந்தக் கண்ணாடி இருக்கிற கூர்மையையும் கெடுத்துவிடும்.

சரி, 50-ஆ 35-ஆ? இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதே பெருக்கல்தான் பதில். ஏபிஎஸ்-சி கேமராவில் 50 எம்எம் என்பது 75, 80 மாதிரி ஆகிவிடும். தனி ஒருவர் முகத்துக்கு அழகாக இருக்கும், சின்ன அறையில் நான்கு பேரை நிறுத்தி எடுக்கப் போனால் முதுகு சுவரில் முட்டும். அறைக்குள் வீட்டு ஆட்களை எடுப்பதுதான் அதிகம் என்றால் 35 எம்எம் எஃப் 1.8 பொருந்தும். எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்று: ஒரு மாதம் கிட் லென்ஸிலேயே எடுங்கள், அப்புறம் உங்களுக்கு மனசுக்குப் பிடித்த ஐம்பது படங்களின் விவரத்தைத் திறந்து எத்தனை எம்எம்மில் எடுத்தது என்று பாருங்கள். எந்த எண்ணைச் சுற்றி அதிகம் இருக்கிறதோ அதற்குப் பக்கத்தில் உள்ள ஃபிக்ஸட் (ஜூம் இல்லாத) லென்ஸை வாங்குங்கள்.

வாங்குமுன் இன்னொன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும், இது உங்கள் கட்டுரையில் இல்லாததுதான் எனக்கு ரொம்ப வருத்தம். நிக்கானின் டி3000 வரிசை, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அவற்றில் தானாக ஃபோகஸ் ஆக வேண்டுமென்றால் மோட்டார் லென்ஸுக்குள் இருக்க வேண்டும், அதாவது ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று பெயர் தொடங்கும் லென்ஸ் (ஆனால் ஏஎஃப்-பி சில பழைய பாடிகளில் ஃபோகஸ் ஆகாது). பழைய ஏஎஃப் 50 எம்எம் எஃப் 1.8டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் அழகாகப் பூட்டிக்கொள்ளும், படமும் எடுக்கும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். டி7000 வரிசைப் பாடிகளில் மோட்டார் உண்டு. கேனானில் இந்தத் தலைவலி இல்லை, 1987-இல் ஈஎஃப் மவுண்ட் (லென்ஸைப் பூட்டும் அமைப்பு) வந்தபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள். பென்டாக்ஸ் பக்கம் போனால் வேறொரு வசதி, அவர்களின் டிஎஸ்எல்ஆர்கள் பலவற்றில் கைநடுக்கத் தடுப்பு பாடிக்குள்ளேயே இருக்கிறது, அதனால் எந்தப் பழைய லென்ஸை மாட்டினாலும் அந்தப் பலன் கிடைக்கும்.

மெகாபிக்சல் பற்றியும் ஒரு வார்த்தை. 12 அங்குலத்துக்கு 8 அங்குலப் பிரிண்ட், அங்குலத்துக்கு 300 புள்ளி என்று நல்ல தரத்தில் போட வேண்டுமென்றால் 3600-க்கு 2400, அதாவது 86 லட்சம் பிக்சல் போதும். 12 மெகாபிக்சல், அதாவது 120 லட்சம் பிக்சல், உள்ள பழைய கேமராவே அதைத் தாண்டிவிடும். அதனால் பட்ஜெட் கையைக் கடித்தால் பழைய பாடியை செகண்ட் ஹேண்டில் வாங்கி, மிச்சத்தை லென்ஸில் போடுங்கள் என்று நான் தயங்காமல் சொல்வேன். பெரும்பாலான கம்பெனிகள் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) பக்கம் போய்விட்டதால், அங்கே மாறியவர்கள் கழித்துவிட்ட நல்ல டிஎஸ்எல்ஆர்கள் நிறையவே கிடைக்கின்றன. பின்னாளில் நீங்களே மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் கேனான் ஈஎஃப் லென்ஸையும் நிக்கான் ஏஎஃப்-எஸ் லென்ஸையும் அந்தந்தக் கம்பெனியின் அடாப்டரோடு (நடுவில் மாட்டும் இணைப்பு வளையத்தோடு) அங்கே பயன்படுத்தலாம், ஃபோகஸும் தானாக ஆகும். பாடிதான் மாறும், லென்ஸ் கூடவே வரும்.

பழையது வாங்கும்போது வெட்கப்படாமல் சோதித்துப் பாருங்கள். லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் வழியாகப் பார்த்தால் உள்ளே பூஞ்சை இருந்தால் சிலந்தி வலை மாதிரி தெரியும், அப்படித் தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். வெள்ளைச் சுவரை எஃப் 16-இல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், கறுப்புப் புள்ளி விழுந்தால் சென்சாரில் தூசி. அது துடைத்தால் போய்விடும், பயப்பட வேண்டாம். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, 2018-இல் வந்த டி3500-இன் ஷட்டரை ஒரு லட்சம் முறை இயக்கிச் சோதித்திருப்பதாக நிக்கானே சொல்கிறது. பத்தாயிரம் ஓடியதற்கும் தொண்ணூறாயிரம் ஓடியதற்கும் விலையில் வித்தியாசம் இருக்கத்தான் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் கையில் பிடித்துப் பாருங்கள், சுண்டுவிரல் பிடிக்கு வெளியே தொங்கினால் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும்.

இவ்வளவையும் உங்கள் கட்டுரையில் அடைக்க முடியாது, தெரியும். அடுத்து வரும் இதழ் ஒன்றில் லென்ஸுக்கென்றே தனியாக நான்கு பக்கம் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது முடியாவிட்டாலும், அந்த அட்டவணையை மறுபடி போடும்போது மெகாபிக்சல் கட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் சேருங்கள்: பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் உண்டா, கூட வரும் லென்ஸில் ஐஎஸ் அல்லது விஆர் உண்டா.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்