பாம்பன் பாலத்துக் காற்றும் இருசக்கர வாகனங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த சனிக்கிழமை மதுரையிலிருந்து தனுஷ்கோடிக்குத் தனியாக ஸ்கூட்டரில் சென்று மறுநாள் திரும்பினேன். 46 வயதில் எதற்கு இந்த ஆசை என்று வீட்டில் கேட்டார்கள். கடலைப் பேருந்து ஜன்னல் வழியாகவே பார்த்துப் பழகிய எனக்கு, அரிச்சல்முனையில் சாலை முடிகிற இடம் வரை என் கையால் வண்டி ஓட்டிப் போய் நிற்க வேண்டும் என்பது பல ஆண்டு விருப்பம். அந்த விருப்பம் குறையில்லாமல் நிறைவேறியது. ஆயினும் வழியில் பாம்பன் பாலத்தில் நான் பட்ட அச்சத்தை எழுதாமல் விட மனம் ஒப்பவில்லை.

விடியற்காலையில் கிளம்பி, சிலைமான், திருப்புவனம் தாண்டி மானாமதுரையில் தேநீர் குடிக்கும்போது நன்றாக விடிந்திருந்தது. பரமக்குடி வரை நான்குவழிச் சாலை என்பதால் கனரக வண்டிகள் நம்மைத் தொந்தரவு செய்வதில்லை. அதன் பிறகு இராமநாதபுரம் வரை இருவழிச் சாலைதான் என்றாலும், நிதானமாகப் போகிறவருக்கு அதிலும் பெரிய சிரமம் இல்லை. உச்சிப்புளியைத் தாண்டியதும் பனைமரங்களின் ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துச் சலசலத்தன. அப்போதுதான் காற்றைக் கவனித்தேன். மண்டபத்தில் தேநீர்க் கடைக்காரர் என் வண்டியைப் பார்த்துவிட்டு, "கச்சான் பெருசா அடிக்குதுக்கா, பாலத்துல எதுக்க பஸ் வந்தா ஹேண்டில்பாரை இறுக்கிப் புடிச்சுக்கங்க" என்றார். அவர் சொல்லியிராவிட்டால் நான் விழுந்திருப்பேன் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, தீவை நோக்கிச் செல்கிறவரை வலப்பக்கத்திலிருந்து தள்ளுகிறது. விழாமல் இருக்க நாம் உடலையும் வண்டியையும் வலப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டே ஓட்டுகிறோம். எதிரே பேருந்து வரும்போது அதன் உடல் காற்றை மறைத்துவிடுவதால், சாய்ந்திருக்கும் வண்டி ஒரு நொடியில் அந்தப் பேருந்தின் பக்கமாகவே இழுபடுகிறது. பதறி இடப்பக்கம் திருப்பிய மறுநொடி பேருந்து கடந்துவிட, காற்று மீண்டும் முழு வேகத்தில் மோதிக் கைப்பிடிச் சுவரை நோக்கித் தள்ளுகிறது. இரண்டு தள்ளலும் ஒரு மூச்சுவிடும் நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன. என் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகியிருந்தேன். அதுவும் அவிழ்ந்து முகத்தில் அடித்தது.

இந்த நிலையில், பாலத்தின் நடுவில் ஒரு கார் நின்றிருந்தது. அதிலிருந்தவர்கள் இறங்கி, ரயில் பாலம் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சுற்றிப் போக நான் பாலத்தின் மையக்கோட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. எதிரே வேன் வந்துகொண்டிருந்தது. வேன் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து வழிவிட்டார். அவரை நான் மறக்க மாட்டேன். அந்தக் குடும்பத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவ்வளவு அழகான கடலைக் கண்டவர்களுக்கு நிற்கத்தான் தோன்றும்; ஆனால் நிற்பதற்கு வேறு இடம் அமைத்துத் தந்திருக்க வேண்டும்.

1988 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்ட இந்தச் சாலைப் பாலத்துக்கு அருகிலேயே ரயில் பாலம் இருக்கிறது. காற்றின் வேகம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அங்கே சிக்னல் சிவப்பாகி ரயில் நிறுத்தப்படும். 1964 டிசம்பர் புயலில் ஒரு ரயிலையே கடலுக்குப் பறிகொடுத்த பகுதியில் அந்த எச்சரிக்கை மிகவும் நியாயமானது. கப்பல்களுக்காகப் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். காற்று பலமாக இருக்கும் நாள்களில் மீனவர்களுக்குக் கடலுக்குச் செல்ல டோக்கன் கொடுப்பதில்லை. ரயிலுக்கும் கப்பலுக்கும் படகுக்கும் காற்றைப் பற்றி முன்கூட்டியே சொல்ல ஆள் இருக்கும்போது, எல்லாவற்றிலும் எடை குறைந்த ஸ்கூட்டரில் வருகிறவருக்கு ஒரு தேநீர்க் கடைக்காரரின் இரக்கம் மட்டுமே துணை என்பது எனக்கு வேதனை தருகிறது.

ஆகவே, பொறுப்பிலுள்ள துறையினர் பாலத்தின் இரு முனைகளிலும் அந்த நேரத்துக் காற்றின் வேகத்தைக் காட்டும் மின்னணுப் பலகை வைக்க வேண்டும். அதற்கு நாளாகும் என்றால், விமான ஓடுதளங்களில் காற்றடிக்கும் திசையில் நீண்டு நிற்கும் துணிப்பையைப் போல ஒன்றை உயரமான கம்பத்தில் கட்டினாலும் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். அளவுக்கு மீறிக் காற்றடிக்கும் வேளைகளில் இருசக்கர வாகனங்களைச் சிறிது நேரம் நிறுத்தி, ஒரு காவலரின் மேற்பார்வையில் கூட்டாக அனுப்பலாம். காத்திருக்கும் இடத்தில் நிழலும் பெண்களுக்குக் கழிப்பறையும் அவசியம். மதுரையிலிருந்து வந்த வழியில் எனக்கு அது எவ்வளவு சிரமமாக இருந்தது என்பதைத் தனியே பயணிக்கும் பெண்கள் அறிவார்கள். மண்டபம் கரையில் வண்டிகளை நிறுத்திக் கடலையும் ரயில் பாலத்தையும் பார்க்க ஒரு மேடை அமைத்துவிட்டால், பாலத்தின் மேல் யாரும் நிற்கக் கூடாது என்று கண்டிப்புடன் சொல்ல முடியும்.

தனுஷ்கோடிச் சாலையிலும் இதே காற்றுதான். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டியதும் கடற்கரை மணல் தார்ச்சாலையின் மேல் மெல்லிய விரிப்பாகப் படிந்து கிடக்கிறது. வெயிலில் அது கண்ணுக்கே தெரிவதில்லை. பிரேக்கைத் தொட்டதும் சக்கரம் வழுக்கிய பிறகே தெரிகிறது. இந்தப் பருவத்திலாவது தினமும் காலையில் அதைக் கூட்டி அகற்ற வேண்டும்.

ஆடி அமாவாசை நெருங்குகிறது. முன்னோர்களுக்குத் தர்ப்பணம் கொடுக்க ஆயிரக்கணக்கானோர் அக்னி தீர்த்தத்துக்கு வருவார்கள். அவர்களில் மனைவியையும் குழந்தையையும் பின்னால் அமர்த்தி இருசக்கர வாகனத்தில் பாலத்தைக் கடப்பவர்களும் ஏராளமாக இருப்பார்கள். அந்த நாளுக்கு முன்பாக, துணிப்பைக் கம்பத்தையாவது நட்டுவிடும்படி தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.