தாம்பரம் நிலையத்தின் பழைய படங்களைத் திரட்டும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ ஆண்டு குறித்து அனுப்பிய படங்களைப் பார்த்தோம். சில இடங்களில் இடிக்கிறது. எஞ்சினை வைத்து ஆண்டு சொல்கிறாய்; தாம்பரத்தில் அது பலிக்காது. மின்சார வண்டிக்கான கம்பிக்கு அடியிலேயே நீராவி எஞ்சினும் பல காலம் ஓடியது. முதலில் மேலே, அந்தக் கம்பியைப் பார்.

சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜில் (குறுகலான பாதை) மின்சார வண்டி ஓடத் தொடங்கியது 1931 மே 11. கம்பங்களை அதற்கு முன்பே நட்டிருப்பார்கள், அதற்குக் கொஞ்சம் இடம் விடு. அன்றைய மின்சாரம் 1500 வோல்ட் டிசி, அதாவது ஒரே திசையில் பாயும் நேர்மின்னோட்டம். 1965இல் தாம்பரத்துக்குத் தெற்கே விழுப்புரம் வரை 25,000 வோல்ட் ஏசி, அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டம், வந்தது. வடக்கே டிசி, தெற்கே ஏசி. டிசி யூனிட்டை (மின்சார வண்டித் தொடரை யூனிட் என்போம்) அந்த ஏசி கம்பிக்கு அடியில் விட்டால் கருவிகள் கருகிவிடும். 1967இல் கடற்கரை வரை ஏசியாக்கிய பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது.

ஏன் மாற்றினார்கள் என்று கேட்டிருந்தாய். 600 கிலோவாட் எடுக்க 1500 வோல்ட்டில் 400 ஆம்பியர் வேண்டும். 25,000 வோல்ட்டில், ஏசிக்கே உரிய பவர் ஃபேக்டர் என்ற திருத்தத்தை விட்டுவிட்டால், 24 போதும். கம்பி மெலியும், கம்பிக்கு மின்சாரம் கொடுக்கும் சப்ஸ்டேஷன்களைத் தள்ளித் தள்ளி வைக்கலாம். ஆனால் கம்பியின் மின்சாரம் கம்பத்துக்குப் பாயாமல் தடுக்கும் இன்சுலேட்டர் நீண்டாக வேண்டும். உனக்கான அடையாளம் அதுதான்: கட்டையாக இருந்தால் டிசி காலம், நீளமாக அடுக்கடுக்காக இருந்தால் ஏசி. நிலையத்தின் தென்முனைக்கு மட்டும் இந்தக் கணக்கை 1965இலிருந்து போடு, மற்ற இடத்துக்கு 1967இலிருந்து.

அடுத்து தரை. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி மீட்டர் கேஜில் 1000 மி.மீ., அகலப்பாதையில் 1676. தண்டவாளம் மங்கலாகத் தெரிந்தால் அதன் அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பரைப் பார்: மீட்டர் கேஜ் மரக்கட்டை சுமார் 1.83 மீட்டர், அகலப்பாதையின் கான்கிரீட் ஸ்லீப்பர் 2.75 மீட்டர். கேஜ் மாற்றும்போது தண்டவாளத்தை நகர்த்தினால் மட்டும் ஆகாது. பாதையின் நடுக்கோடு நகர்ந்தால் கம்பியும் கூடவே நகர வேண்டும். வண்டியின் கூரையிலிருந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராஃபின் கார்பன் பட்டை ஒரே இடத்தில் குழி விழாமல் தேய்வதற்காக, நேர்ப்பாதையில் கம்பியை இருபுறமும் 200 மி.மீ. வரை வளைத்து வளைத்துக் கட்டுவார்கள். அந்த அளவு தப்பினால் கம்பி பட்டையை விட்டு நழுவிச் சிக்கிக்கொள்ளும், பாண்டோகிராஃபே பிய்ந்துவிடும்.

1990களின் படங்களில் இரண்டு கேஜும் அருகருகே தெரியும். மீட்டர் கேஜ் யூனிட் நிற்கிற படம் எதற்கும் 2004க்குப் பிந்தைய ஆண்டு போடாதே. அந்த ஆண்டோடு அவை நின்றுவிட்டன. உன் ஏழாவது படத்தில் இன்சுலேட்டர் நீளம், தண்டவாளமோ மீட்டர் கேஜ். 1955 என்று போட்டிருக்கிறாய், அடித்துவிடு.

அன்புடன்,
பழைய யூனிட் ஆட்கள்